வெள்ளிமலையில் ஒன்றரை மில்லிமீட்டர்

அரம் தேய்த்த பித்தளையின் வாசனை... கையைக் கழுவினாலும் போகாது. வெள்ளிமலையின் பனி ஈரத்தோடு அது மூக்கில் ஏறிய காலை இன்னும் நினைவிருக்கிறது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். கீழே ரோடெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை.

மலைக்கு இருந்த ஒரே போன், எங்கள் மைக்ரோவேவ் நிலையம் வழியாகத்தான். அன்று அதுவும் செத்துக் கிடந்தது. ரேடியோவிலிருந்து வரும் கேபிளும், டிஷ்ஷுக்குப் போகும் செவ்வகப் பித்தளைக் குழாயும் சேருமிடத்தில் ஒரு சின்ன இணைப்பு உண்டு. குழாய்க்குள் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீளம் பிசகினால் சிக்னல் திரும்பி வந்துவிடும். அதில்தான் தண்ணீர் இறங்கி அரித்திருந்தது.

என்னோடு இருந்த டெக்னீசியன் ஏழுமலை அண்ணன், களமருதூர்க்காரர். மனைவியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஒரு நாள் டியூட்டிக்கென்று மேலே வந்து மாட்டிக்கொண்டவர்.

"நடந்தே எறங்கிடவா சார்?"

"ரெண்டு மணி நேரத்துல லைன் வந்துடும்ண்ணே. பேசிட்டுப் போங்க."

புது இன்ஜினியர் நான். புது இணைப்பை நானே டிசைன் செய்துவிடலாம் என்ற திமிர். கணக்குப் போட்டு, ஊசியைத் தேய்த்து, பத்து மணிக்கெல்லாம் மாட்டினேன்.

லைன் வரவில்லை.

கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்... சரியாகத்தான் இருந்தது. மதியம் தாண்டித்தான் உறைத்தது. நீளத்தைக் குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்திருக்கிறேன். சுவரின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே ஊசி அவ்வளவு குட்டை.

புது ஊசி செய்து மாட்டும்போது மணி மூன்று. உடனே போன் அடித்தது. அண்ணனின் மச்சான்காரன், காலையிலிருந்து முயற்சி செய்துகொண்டிருந்திருக்கிறான். அவன் அழுதது எனக்கே கேட்டது.

"அக்கா பன்னண்டு மணிக்கே போயிடுச்சி மாமா... உன்னாண்ட பேசணும்னு கேட்டுக்கினே இருந்துச்சி."

அண்ணன் ரிசீவரை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

இன்று இதே இணைப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்தால், தப்பை நிமிஷத்தில் காட்டிவிடுகிறது. மலைமேல் கரியாலூர் கிராமத்தில்கூட ஆளுக்கொரு செல்போன்.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னார். "அந்த மரத்த வெட்டிப் போட்டவனுங்கள மட்டும் என்னால மன்னிக்க முடியல சார். நீங்க பாவம், சோறுகூட துன்னாம பாடுபட்டீங்க."

அந்த ஒன்றரை மில்லிமீட்டரைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்...

"ஆமாண்ணே" என்றுதான் வந்தது.