பெட்டிக்குள் எட்டு நுண்ணோக்கிகள்

சும்பர்வாரு அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டு நுண்ணோக்கிகள் இருந்தன. இருந்தன என்பதற்குத் தாள் இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள்தான் அதிகம் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் அவற்றை மரப்பெட்டிகளில் அனுப்பி வைத்தது. பெட்டிக்குப் பெட்டி வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் எழுதினார்கள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அடுக்கினார்கள், பூட்டினார்கள். சாவி உயிரியல் ஆசிரியை சுமர்னியின் கைப்பைக்குப் போனது. அன்று முதல் அந்த ஜில்லாவிலேயே இவ்வளவு பத்திரமான நுண்ணோக்கிகள் வேறு எந்தப் பள்ளியிலும் கிடையாது.

இதில் சுமர்னியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசாங்கச் சாமான் உடைந்தால் நாலு பிரதியில் அறிக்கை எழுத வேண்டும், மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பெண் லென்ஸைக் கீழே போட்டுவிட, அந்தப் பள்ளியின் டீச்சர் இரண்டு வருஷம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். உடையாமலிருக்க ஒரே வழி தொடாமலிருப்பது. இந்தப் பெரிய கண்டுபிடிப்புக்காகத் தலைமையாசிரியர் தர்சோனோ ஆண்டுக் கூட்டத்தில் அவளைப் பாராட்டுவார். சாமானை எப்படிக் காப்பாற்றுவது என்று எல்லோரும் இபு சுமர்னியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார். அந்த ஊரில் டீச்சர்களை அம்மா என்கிற பொருளில் இபு என்றும், சார்களை பாக் என்றும்தான் அழைப்பார்கள். மற்ற இபுக்களும் பாக்குகளும் கைதட்டிவிட்டுப் சோயாவில் செய்து பொரித்த தெம்பேயை எடுத்துக் கடிப்பார்கள்.

செய்முறை வகுப்பு நடக்காமலில்லை, வாரம் தவறாமல் நடந்தது. வெள்ளைச் சட்டையும் சாம்பல் பாவாடையுமாக, சாம்பல் கால்சட்டையுமாக, பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்கு வரிசையில் வந்து அலமாரியைப் பார்த்தபடி உட்காருவார்கள். சுமர்னி வண்ணச் சாக்பீஸால் வெங்காயத் தோலின் செல்லைப் பலகையில் வரைவாள். அழகாக வரைவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து, மேலே 'நுண்ணோக்கியில் நான் கண்டது' என்று தலைப்புப் போடுவார்கள். பாடநூலின் படம் 2.3இல் உட்கரு இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததால் சும்பர்வாருவில் விளைந்த வெங்காயங்களுக்கெல்லாம் உட்கரு இடப்பக்கமே ஒதுங்கியிருந்தது. முப்பத்து நாலு அறிக்கைகளையும் திருத்த அவளுக்குக் கால் மணி நேரம் போதும்.

ஒளிச்சேர்க்கைக்கு மட்டும் உண்மையிலேயே ஒரு சோதனை உண்டு. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஹைட்ரில்லாச் செடியைப் போட்டு ஜன்னலோரம் வைத்தால், வெயில் பட்டதும் இலையிலிருந்து குமிழ் குமிழாக ஆக்ஸிஜன் கிளம்பும் என்கிறது புத்தகம். ஊரோ மலைமேல், மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. செடி சும்மா கிடக்கும். பிள்ளைகள் அதைக் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு 'நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு குமிழ்கள்' என்று எழுதுவார்கள். நாற்பத்திரண்டு புத்தகத்தின் கணக்கு. மழை கொட்டுகிற நாளிலும் ஒரு குமிழ் குறைந்ததில்லை.

சுமர்னி சோம்பேறியில்லை. பதினாறு வருஷமாகக் கௌரவ ஆசிரியை. கௌரவ ஆசிரியை என்றால் வேலை எல்லாம் ஆசிரியர் வேலை, நியமனம் மட்டும் கிடையாது. நியமனம் ஆனவர்கள் சளிப் பிடித்தால் லீவு போடுவார்கள். அவர்கள் வகுப்பையும் சேர்த்து இவள் எடுப்பாள். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தேறிவிட்டார்கள், மீதிப் பேர் நூடுல்ஸ் கடை வைத்துவிட்டார்கள். இவளுடைய பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் சிபாரிசுப் பட்டியலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். வயது நாற்பத்து மூன்று. இன்னும் இரண்டு வருஷத்தில் பட்டியலுக்கான வயது வரம்பும் தாண்டிவிடும்.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது, அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவள் ஒரு செல்லைப் பார்த்ததே கிடையாது. கல்லூரியில் அறுபது பேருக்கு இரண்டு நுண்ணோக்கி. அவள் முறை வந்தபோது அரை நிமிஷம் கொடுத்தார்கள். குனிந்து பார்த்தாள், கறுப்பாக, வளைந்த கோடுகள் தெரிந்தன. அவை தன் கண்ணிமை மயிர்கள் என்று பிறகுதான் விளங்கியது. புத்தகத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தாள், எண்பத்தெட்டு மார்க் வந்தது. அந்த எண்பத்தெட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் செல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆண்டு பள்ளியின் தர மதிப்பீடு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாகாணத் தலைநகரிலிருந்து ஒருவர் வந்து பள்ளிக்கு ஏ, பி, சி என்று மார்க் போட்டுவிட்டுப் போவார். பள்ளி முழுக்கக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. பூந்தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கழிப்பறையில் முதல் முறையாக சோப்பு வைத்தார்கள். ஐந்து வருஷத்துக்கான கூட்டக் குறிப்புகளை மூன்றே நாளில் எழுதி முடித்தார்கள். ஒரே கையெழுத்து தெரியாமலிருக்க நாலு நிற மையில் எழுதினார்கள். தர்சோனோ சுமர்னியைத் தனியாக அழைத்தார். மதிப்பீட்டாளர் பாக் குந்தோரோ உயிரியல் படித்தவராம், செய்முறை வகுப்பை நேரில் பார்க்க வேண்டுமென்று எழுதியிருக்கிறார்.

"ஆய்வுக்கூடத்துக்கு முழு மார்க் வந்துடுச்சுன்னா, பட்டியல்ல மொதப் பேரு உங்க பேருதான், இபு. இது நான் சொல்ற வார்த்தை," என்றார் தர்சோனோ.

அவர் இதற்கு முன் சொன்ன வார்த்தைகள் எல்லாம் என்னவாயின என்று சுமர்னிக்குத் தெரியும். இருந்தாலும் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் அலமாரியைத் திறந்தாள். பெட்டிகளைத் திறந்ததும் ஈரத்துணி வாடை குப்பென்று வந்தது. பதினோரு வருஷ மழையும் மேகமும் பூட்டுக்கு வெளியே நிற்கவில்லை. எட்டு நுண்ணோக்கிகளின் லென்ஸிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, சிலந்தி வலை போல. யாரும் தொடாமல் காப்பாற்றியதைப் பூஞ்சை மட்டும் தொட்டிருந்தது. ஓடிப்போய்த் தர்சோனோவை அழைத்து வந்தாள்.

அவர் ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "வெளிய நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

பியூன் வந்து எட்டையும் மேஜை பாலிஷ் போட்டுப் பளபளவென்று துடைத்தான். உள்ளே என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அறிக்கை தயாராக இருந்தால் போதும் என்றார் தர்சோனோ. முப்பத்து நாலு பிள்ளைகளும் நாளை செய்யப்போகிற செய்முறையின் அறிக்கையை இன்றே எழுதி, தேதியை மட்டும் நாளைக்குப் போட்டு, பையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பாக் குந்தோரோ ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. வாசலில் மாலை போட்டார்கள், பெண் பிள்ளைகள் நடனம் ஆடினார்கள், தட்டில் இனிப்பு வந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் நுண்ணோக்கிக்கு நாலைந்து பேராகக் குனிந்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றில் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்பிரிட் பாட்டிலையும் மெல்லிய தாளையும் எடுத்தார், லென்ஸைக் கழற்றினார், துடைத்தார், வாயால் ஊதினார், மறுபடி துடைத்தார். தர்சோனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு வைத்த சோதோ சூப் ஆறிக்கொண்டிருந்தது.

குந்தோரோ லென்ஸை மாட்டி, செல்பேசியின் விளக்கைக் கீழே வைத்தார். "வெளிச்சம் சரியா வருதான்னு பாருங்க, இபு," என்றார்.

சுமர்னிக்கு வெளிச்சம் என்ற சொல் காதில் விழவே இல்லை. பார் என்பது மட்டும் விழுந்தது. முப்பத்து நாலு பிள்ளைகள், தலைமையாசிரியர், பட்டியலின் முதல் பெயர். குனிந்தாள். வெறும் வெள்ளை வட்டம்.

"செல் சுவர் தெளிவாத் தெரியுது, பாக்," என்றாள். "உட்கரு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கு."

குந்தோரோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நான் இன்னும் ஸ்லைடே வைக்கலையே, இபு."

சுமர்னியின் முகம் காதுவரை எரிந்தது. பின்வரிசையில் ஒரு பையன் இருமினான். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தர்சோனோ முன்னால் வந்து, இபு பதற்றத்தில் ஏதோ சொல்லிவிட்டார், வருஷத்துக்கு நூறு பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர், இந்த ஜில்லாவிலேயே இவரைப் போல் இல்லை என்று அடுக்கினார். குந்தோரோ அவரைக் கேட்டுக்கொண்டே சுமர்னியைத்தான் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா, இபு?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். குந்தோரோ அதற்கு மேல் தோண்டுகிற ஆளாகத் தெரியவில்லை. தர்சோனோ அவளுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். பதினாறு வருஷம் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எதிரே இருந்த முப்பத்து நாலு முகங்களும் அவள் சொல்லப்போகும் பொய்யைப் பார்த்து எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தன. அந்த முகங்களைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேல்தான்.

"இல்ல, பாக். ஒரு தடவகூட இல்ல."

குந்தோரோ தலையசைத்தார். ஜன்னலோர ஜாடியிலிருந்து ஒரே ஒரு ஹைட்ரில்லா இலையைக் கிள்ளி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, நுண்ணோக்கியில் செருகினார். திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு நகர்ந்து நின்றார்.

சுமர்னி குனிந்தாள். முதலில் இமை மயிர்தான் வந்தது. பிறகு அது விலகியது. செங்கல் அடுக்கியது போல் பச்சை அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் உருண்டை உருண்டையாகப் பசுங்கணிகங்கள். அவை புத்தகத்தில் இருப்பது போல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து, மூலையில் திரும்பி, மறுபடி வந்தன.

"ஓடுது," என்றாள். "பாக், இது ஓடுது."

"உயிரோட இருக்கில்ல, ஓடத்தான் செய்யும்," என்றார் குந்தோரோ.

சோதோ ஆறிப்போகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். பெரியவர்கள் போனார்கள். சுமர்னி போகவில்லை, கண்ணை எடுக்கவுமில்லை. கழுத்து வலித்தது. எவ்வளவு நேரமாயிற்றோ, விலிஸ் என்ற பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க, இபு."

பள்ளிக்கு ஏ கிடைத்தது. படிவத்தில் நுண்ணோக்கி உண்டா, எத்தனை, பூட்டிய அலமாரி உண்டா என்றுதான் கேட்டிருந்தது. உண்டு, எட்டு, உண்டு. டீச்சர் செல்லைப் பார்த்திருக்கிறாரா என்ற கட்டம் அதில் கிடையாது, ஆகவே குந்தோரோவும் எழுதவில்லை. தர்சோனோ மட்டும் மறக்கவில்லை. பட்டியலின் முதல் இடத்தில் நூலகத்துக்காரரின் பெயர் போனது. மானத்தை வாங்கிவிட்டதாகச் சுமர்னியிடம் சொல்லி, அலமாரிச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சுமர்னி வீட்டுக்குப் போய் அழுதாள், நன்றாகவே அழுதாள். அந்தப் பட்டியல் அவளுக்கு வேண்டும். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு காரியம் செய்திருந்தாள். எட்டாம் எண் பெட்டியில், குந்தோரோ துடைத்துக் கொடுத்த நுண்ணோக்கிக்குப் பதிலாக, கனம் சரியாக இருக்கும்படி, பழைய பாத்திக் துணியில் சுற்றி இரண்டு செங்கல்லை வைத்திருந்தாள். தர்சோனோ பெட்டிகளை விரலால் தட்டி எண்ணினார், எட்டும் இருந்தன. அடுத்த மதிப்பீடு ஐந்து வருஷம் கழித்து. அதுவரை அந்தப் பள்ளியில் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள் என்பதற்கு அவளே சாட்சி. அகப்பட்டால் வேலை போகும். நியமனமே ஆகாத வேலையை எப்படிப் பிடுங்குவது என்று அவர்கள் முதலில் ஒரு கூட்டம் போட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். பலகையில் படம் இல்லை. புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லியிருந்தாள். மாலையில் முப்பத்து நாலு அறிக்கைகள் வந்தன. ஒருவன் வெறும் காற்றுக் குமிழியை வரைந்திருந்தான். ஒருத்தி அம்புக்குறி போட்டு அம்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 'இங்கே வந்ததும் ஒன்று நின்றுவிட்டது, ஏன்?' என்று எழுதியிருந்தாள். ஒருவன் தன் இமை மயிரை மிக அழகாக வரைந்திருந்தான். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சுமர்னி சிவப்புப் பேனாவைத் திறந்தாள், மூடினாள். பதினாறு வருஷத்தில் முதல் முறையாக, மார்க் போடுவதற்கு முன்னால் அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது.