கழற்றப் போகிற கட்டை

கம்பைநல்லூரில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. வெயில் தாங்காமல் எதிரே இருக்கும் தச்சர் பாய் ஒருவரின் மரப்பட்டறைக்குள் ஒதுங்குகிறேன். அங்கே முருகேசன் என்ற விவசாயி, பெண் பார்ப்பதுபோலச் செல்போனில் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்கின்றன. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கம்பெனியில் செய்த பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை மலிவாக வாங்கி, தோளில் அண்டிப் பிடிக்கும் அதன் மரக்கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொந்தத் தோட்டத்து வாகை மரத்தில் பாயிடம் புதுக்கட்டை செய்து மாட்டப் போகிறாராம். கம்பெனிக் கட்டையோடு தோளில் போட்டுக்கொண்டு போனால் ஊரில் யார் மதிப்பார்கள்!

திரையில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்றில் கட்டை முழுக்கக் கீறல், குழல் சுத்தமாக இருக்கிறது. மற்றதில் கட்டை பளபளக்கிறது, குழல் வாயில் துரு. முருகேசனின் விரல் துருப்பிடித்ததன்மேல் நிற்கிறது.

"கட்டையத்தான் கழட்டப் போறீங்களே, குழலப் பாருங்க," என்கிறேன்.

"மரத்துல வரி எப்டி ஓடுது பாருங்க சார்! இது முன்னாடி அந்தக் கீறல் விழுந்ததெல்லாம் நிக்குமுங்களா?"

பன்றி வரியைப் பார்த்தா ஓடப்போகிறது? கேட்பதற்குள் அவர் கடைக்காரருக்குப் போன் போட்டு, அதையே எடுத்துவைக்கச் சொல்லிவிடுகிறார். வெளியே நடத்துனர் விசிலடிக்கிறார். நான் படியிறங்கும்போது முருகேசன் படத்தைப் பாயிடம் நீட்டுகிறார்.

"பாய், புதுக்கட்டை அச்சு அசலா இதே மாதிரி இருக்கணுமுங்க. ஒரு வரிகூட மாறக் கூடாது."