இரண்டு முறை ஓடிய பிலிம்

அண்ணியை நான் எடுத்த முதல் பதினோரு படங்களிலும் அவளுடைய முகம் இல்லை, கைதான் இருக்கிறது. ஒன்றில் மாவு ஒட்டிய கை, ஒன்றில் சீயக்காய்த் தூள் படிந்த கை, இன்னொன்றில் கரண்டியோடு நீண்டு லென்ஸை மறைக்கிற கை. விரல்களுக்கு நடுவே ஒரு கண்ணோ மூக்குத்தியோ தெரிந்தால் உண்டு. "அந்தப் பொட்டிய கீழ வெய்யி டீச்சரம்மா. ஊருல எவ்ளோ அழகு கெடக்குது, என் மூஞ்சிதான் கெடச்சுதா உனக்கு?" என்பாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளாத நாத்தனார் ஒருத்தி அதே வீட்டில் இருப்பது எந்தப் பெண்ணுக்கும் சந்தோஷமான சமாசாரம் இல்லை. எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். அப்படியும் எங்களுக்குள் ஒரு நாள்கூட முட்டிக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பெருமை முழுக்க அவளுக்கே சேரும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அப்படித் தங்கிவிட்டுப் போன ஒருவர் தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கையில் கேமரா வந்த மறுநாளே எனக்கு ஒரு கொள்கையும் வந்துவிட்டது. ஊருக்கு வருகிற அத்தனை பேரும் மலையையும் கோபுரத்தையும் தீபத்தையும் படம் பிடிக்கிறார்கள், நான் எங்கள் வீட்டைப் பிடிப்பேன் என்று முடிவு செய்தேன். குழாயடியில் குடங்கள், அண்ணன் சைக்கிளுக்கு எண்ணெய் விடுவது, மழைக்கு முன்னால் கொடியிலிருந்து துணியை வாரிக்கொண்டு ஓடுவது. கறுப்பு வெள்ளைப் படங்களாக நோட்டில் ஒட்டி, கீழே நாளும் நேரமும் எழுதி வைப்பேன். "துணி எடுக்கறதல்லாம் ஒரு போட்டோவா?" என்று பள்ளியில் சக ஆசிரியைகள் சிரிப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து இந்த வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மொட்டை போட்டுக் காது குத்துகிற வரையில் குழந்தையைப் படம் எடுக்கக் கூடாது என்பது அவளுடைய பிறந்த வீட்டு வழக்கம். எடுத்தால் கண் பட்டுவிடும். அறிவியல் டீச்சர் என்ற முறையில் நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது. என் கேமரா அலமாரியில் இருந்தது. ஒரு வழியாக மொட்டை போட்டு வந்த சனிக்கிழமை சாயங்காலம் அவளே என்னிடம் வந்தாள். "நாளைக்கு ஒரு நாள் பூரா எங்க ரெண்டு பேரையும் புடிச்சிக்கோ. கைய கிய்ய வெச்சி மறைக்க மாட்டேன். அதுக்கப்புறம் கேக்கக் கூடாது, ஆமா" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு நாள் என் கேமராவுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது, சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தது, சோறு ஊட்டும்போது குழந்தை மூக்குத்தியைப் பிடித்து இழுக்க வலியும் சிரிப்புமாகக் கண்ணை இடுக்கியது. முப்பத்தாறு படங்கள், முப்பத்தாறிலும் முகம். நான் பிலிம் கழுவக் கொடுக்கிற ஸ்டூடியோக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. தானே மருந்து கலக்கிக் கழுவுகிறவர் என்பதால் மூன்று சுருளாகச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுவார். என்னிடம் அப்போது அந்த ஒரு சுருள்தான் முடிந்திருந்தது. சரி, இன்னும் இரண்டு சேரட்டும் என்று வைத்தேன்.

அந்த இரண்டும் சேரவே இல்லை, ஏனென்றால் மணி கோக்கிற பைத்தியம் வந்துவிட்டது. மாடியில் மூன்று மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான் சொல்லிக் கொடுத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணிகள், மயிரிழை போல ஊசி, கட்டம் போட்ட தாளில் வரைந்த கோலம். ஒரு வரிசை முன்னால் போய், ஒரு மணி விட்டு ஒரு மணி நுழைந்து திரும்பி வர வேண்டும். ஒன்று தவறினால் நாலு வரிசை பிரிக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது தன்னிடமிருந்த மணிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எனக்கே கொடுத்துவிட்டார். ஆசை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலையில் கேமரா, மத்தியானம் மணி என்று பள்ளிக்கூடக் கால அட்டவணை மாதிரி ஒன்று போட்டேன். ஒரே மாதத்தில் காலையையும் மணியே எடுத்துக்கொண்டது. வெளிச்சம் இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று கேமராவின் நினைவு வரும். அந்த வெளிச்சத்தில் மணி கோத்தால் கண் வலிக்காதே என்று உடனே இன்னொரு நினைவு வரும்.

இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி வராமல் பார்த்துக்கொண்டவளும் அண்ணிதான். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்காருவாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்பது அவளுக்குச் சட்டென்று தெரியும். நான் தாளைப் பார்த்துக் கோப்பேன், அவள் தாளே பார்க்க மாட்டாள். கழுத்தில் மட்டும் ஒன்றையும் போட்டுக்கொள்ள மாட்டாள், உறுத்துகிறது என்பாள். ஒரு நாள் சொன்னாள்: "இப்பதான் என் கண்ணப் பாத்து பேசறே. முன்னல்லாம் ஒத்தக் கண்ண மூடிக்கினு இல்ல இருப்ப." அந்த வார்த்தைக்காகவே இன்னும் பத்து மாலை கோக்கலாம் போலிருந்தது எனக்கு.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். பிலிம் சுருள் வருகிற குட்டி பிளாஸ்டிக் டப்பாக்கள் மணி போட்டு வைக்க அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு டப்பா. எடுத்து முடித்த சுருளை டப்பாவில் போட்டுச் சிவப்பு நூல் கட்டி வைப்பது என் அடையாளம். சுருளைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. "வாலை உள்ள இழுத்துடாதீங்கம்மா, வெளியே எடுக்க உசுரு போவுது" என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்ததால், முடிந்த சுருளிலும் புதுச் சுருளைப் போலவே பிலிமின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீல மணிக்கு டப்பா போதவில்லை. நூலை அவிழ்த்தேன், சுருளை எடுத்து அலமாரித் தட்டில் புதுச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தேன், டப்பாவில் மணியைக் கொட்டினேன். மறக்க மாட்டேன் என்று அப்போது எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

மாலைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அந்த வெள்ளைக்கார அம்மாள் கடிதம் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவும் மணியும் ஒரே நாளில் ஒரே வேலைக்கு வருகின்றன, இனி இரண்டுக்கும் சண்டை இல்லை என்று அண்ணியிடம் பெருமையடித்தேன். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ஆயிட்ட நீ" என்று சிரித்தாள். மணி எடுப்பாகத் தெரியக் கறுப்புத் துணி வேண்டுமென்றேன். தன்னுடைய கறுப்புப் பாவாடையைக் கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். ஒவ்வொரு மாலையாக அவளே எடுத்து வைத்து, வளைவைச் சரி செய்து, சுருக்கம் விழாமல் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து மாட்டி முப்பத்தாறு படங்களும் எடுத்து முடித்தேன்.

பதினைந்து நாள் கழித்து அண்ணிக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் சோர்வு என்றாள், பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள், கண் மஞ்சளித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு வேலூருக்குக் கொண்டு போனோம். மூன்றாவது வாரம் அவள் இல்லை. குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதைப் பற்றி என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்கள். அதில் பவுடர் அப்பி, தலை குனிந்து, மாலைக்குள் பயந்து நிற்கிற யாரோ ஒரு பெண் இருந்தாள். "அதெல்லாம் வேணாம்ணா. நல்ல படம் இருக்கு. கொழந்தையோட இருக்கு. நான் எடுத்திருக்கேன்" என்றேன். அவள் போன பத்து நாளில் அண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெம்பைப் பார்த்தேன். நாளைக்குக் குழந்தை அம்மா எங்கே என்று கேட்டால் காட்ட அது ஒன்று போதும் என்றார்.

தட்டிலிருந்த சுருளையும் மாலை எடுத்த சுருளையும் சேர்த்து ஸ்டூடியோவில் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது கையில் ஈரப் பிலிம் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "ரெண்டு தடவ ஓடியிருக்கும்மா" என்றார், மெதுவாக. இன்னொரு சுருள் வெறுமையாக இருந்தது. அதுதான் நான் மாலைக்கு என்று மாட்டியிருக்க வேண்டிய புதுச் சுருள். என் முப்பத்தாறு அண்ணிகள் மேலும் முப்பத்தாறு மாலைகள் படுத்திருந்தன. கறுப்புத் துணி இருந்த இடத்திலெல்லாம் அவள் தெரிந்தாள், மணி இருந்த இடத்திலெல்லாம் இல்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் தேவலை என்று ஒரே ஒரு படம் தேறியது. மடியில் குழந்தை, நெற்றி, கண், மூக்குத்தி எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே வாயும் முகவாயும் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான மாலை ஒன்று குறுக்கே போயிற்று. அவள் தன் கையால் வளைத்து வைத்த மாலை.

வீட்டுக்குப் போய், "ஸ்டூடியோக்காரர் கெடுத்துட்டாருண்ணா" என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கடை வாசலில் நாலு பேர் பார்க்க அண்ணன் கத்தினார், கடைசியில் அழுதார். ஸ்டூடியோக்காரர் அண்ணனின் தோளுக்கு மேலாக ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு, "தப்புதாங்க. மன்னிச்சிக்கோங்க" என்றார். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அன்றோடு மணியையும் தொடவில்லை, கேமராவையும் தொடவில்லை. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்ற என் பெரிய கவலை அப்படித்தான் தீர்ந்தது.

குழந்தையை நான்தான் வளர்த்தேன். நாலு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, "எங்கம்மா எவ்ளோ மணி போட்டுக்கினு இருக்காங்க" என்றாள். ஆமாம் என்றேன். பள்ளியில் அம்மா படம் வரையச் சொன்னால் வாய் இல்லாமல், முகம் பாதிக்கு மணி மணியாகப் புள்ளி வைத்து வரைந்துவிட்டு வருவாள். பத்து வயதில், படத்தில் மணி அம்மாவைத் தாண்டிப் பின்னாலிருக்கிற கதவு நிலையின் மேலும் ஓடுகிறதே என்று கண்டுபிடித்துக் கேட்டாள். ஸ்டூடியோக்காரர் செய்த தப்பு என்று அவளிடமும் சொன்னேன். ஒரு பொய் அதற்குள் எங்கள் வீட்டுச் சரித்திரமாகவே ஆகிவிட்டிருந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படம் எடுக்க அதே ஸ்டூடியோவுக்குப் போனவள் எனக்குத் தெரியாமல் அந்தப் படத்தையும் எடுத்துப் போயிருக்கிறாள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன; அங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து உறையோடு ஓடி வந்தாள். "கெடுத்தவங்கதானே சரி பண்ணித் தரணும்னு கேட்டேன் அத்தை. சரினு வாங்கிக்கினாரு. என்னயும் சிரிக்கச் சொல்லி ரெண்டு மூணு எடுத்தாரு, எதுக்குனு தெரில. அத்தைகிட்ட காட்டு, சரியா இருக்குதானு அவங்கதான் சொல்லணும்னாரு" என்றாள்.

படத்தில் மணிகள் இல்லை. அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. மாலைக்கு அடியில் ஒன்றும் இல்லாததால் அந்த மனிதர் மகளின் சிரிப்பை எடுத்து அம்மாவுக்கு வைத்திருக்கிறார். அகன்ற உதடு, வரிசைப் பல். அது எங்கள் அப்பாவின் வாய், அண்ணனின் வாய், என் வாய். அண்ணியின் வாய் அது இல்லை. அவளுக்கு ஒரு பல் மேல் இன்னொரு பல் ஏறியிருக்கும், வலப்பக்கம். இடப்பக்கமோ? எத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சிரித்தவள், எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், மணிதான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல ஸ்டூடியோக்காரர் எனக்கு ஒரு வாய்ப்பு அனுப்பியிருக்கிறார் என்பதும் தெரிந்தது.

அண்ணன் மகள் படத்தைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். சிரித்துப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் சிரித்தாள்.

"எல்லாரும் நான் அப்பா ஜாடைனு சொல்றாங்க. பாரு அத்தை, அம்மா வாய் அப்படியே எனக்கு வந்திருக்குது, இல்ல?"

"ஆமாம்டி" என்றேன்.