அண்ணனுக்கு ஒரு டேப்லெட்

சூடேறிய பிளாஸ்டிக் வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டி வீட்டின் முன்னறைதான் நினைவுக்கு வரும். அப்பாவும் அம்மாவும் விடிந்ததுமே குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விட, கோடை விடுமுறையின் நீண்ட பகல்களில் நானும் அண்ணன் செந்திலும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். சுவரில் செருகிய அடாப்டர் தொட முடியாதபடி கொதித்து, அந்த வாசனையை அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கும். பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா வாங்கிவந்து கொடுத்த விளையாட்டுப் பெட்டியின் அடாப்டர் அது. தெருவுக்கே அந்தப் பெட்டி "டிவி கேம்". அதில் செருகும் மஞ்சள் அட்டைக்குப் பெயர் "கேசட்டு". ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் "டேங்கு", "செங்கல் ஒடைக்கிறது", "வாத்து சுடுறது" என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அண்ணன் எனக்கு நான்கு வயது மூத்தவன். அவன் ஆடுவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் வாசற்படியில் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்கள் திரையைப் பார்ப்பார்கள், நான் அவன் கட்டைவிரலைப் பார்ப்பேன். அது பொத்தானை அழுத்துகிறதா, தடவுகிறதா என்றே தெரியாது. துப்பாக்கிச் சண்டையில் என் ஆட்கள் எல்லோரும் செத்துப்போனால், அவன் பங்கிலிருந்து ஒரு "உசுரு" எனக்கு எடுத்துக்கொள்ளலாம். "எடுத்துக்க பாப்பா, நான் சமாளிச்சுக்கறேன்" என்பான், கண்ணைத் திருப்பாமலே. சாயங்காலம் காட்டிலிருந்து வரும் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "நாளெல்லாம் அந்தப் பொட்டிய மொறைச்சுப் பாத்துக்கிட்டே கெடங்க, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்று திட்டிவிட்டு, அண்ணன் ஜெயிக்கப்போகிறான் என்று தெரிந்தால் தானும் நின்று பார்ப்பாள்.

பெட்டி பிறகொரு மழைக்காலத்தில் இடி விழுந்து கருகிப்போனது. அண்ணன் ஓசூரில் லேத் பட்டறை வேலைக்குப் போனான். நான் தருமபுரியில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்து, அதியமான்கோட்டையில் குடியேறினேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவன் கையிலிருந்து பொருட்கள் நழுவ ஆரம்பித்தன. முதலில் ஸ்பானர், பிறகு டீ டம்ளர். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, அதைத் தடுத்து நிறுத்த மருந்து இல்லை என்று பெங்களூர் மருத்துவர் சொன்னார். அண்ணன், மனைவி கலைவாணியோடும் மகள் யாழினியோடும் ஊருக்கே திரும்பிவந்துவிட்டான்.

"அந்த டிவி கேமை இன்னொரு தடவை ஆடணும்போல இருக்குது பாப்பா" என்று ஒருநாள் சொன்னான். கேட்டது அது ஒன்றுதான்.

அப்போதுதான் எமுலேட்டர் என்ற சொல்லையே தெரிந்துகொண்டேன். செத்துப்போன பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் செயலி அது. ஒரு டேப்லெட்டில் போட்டால் போதும். எந்த டேப்லெட் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இப்போது வருபவை எல்லாம் சினிமா பார்ப்பதற்காக நீளமாக வருகின்றன. பழைய ஆட்டங்களோ கிட்டத்தட்டச் சதுரம். நீளத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து படம் நடுவில் சுருங்கிவிடும். "படம் பாக்கத்தானுங்க? இத எடுத்துக்குங்க, நல்லா அகலமா இருக்கும்" என்றார் தருமபுரிக் கடைக்காரர். "எனக்கு அகலம் வேணாமுங்க" என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணனின் மணிக்கட்டு தாங்காது என்பதால் டேப்லெட்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, கையில் கம்பியில்லாக் கன்ட்ரோலர் ஒன்றைக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்தேன். அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையில் இம்மி தாமதம் இருந்தாலும் அவனுக்குப் பிடிபட்டுவிடும் என்று அதற்கு வேறு பல கடைகள் ஏறி இறங்கினேன்.

கன்ட்ரோலர் வந்து சேர்ந்தபோது அவனால் பொத்தானை அழுத்த முடியவில்லை. சரி, திரையிலேயே வரும் பொத்தான்களை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாமே, தொட்டாலே போதுமே என்று மறுபடி முதலிலிருந்து தேடினேன். இன்னும் பெரிய திரை, இன்னும் மெல்லிய தொடுகைக்கும் அசைவது. நான் ஒன்றை முடிவுசெய்வதற்குள் நோய் அடுத்த விரலுக்குப் போயிருந்தது.

கடைசியில் சதுரமான ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிலருகே நிறுத்தினேன். அந்தப் பழைய கிய்யாமிய்யா இசை ஒலித்ததும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். ஆள்காட்டி விரலை மெல்ல நகர்த்தித் திரையில் வைத்தான். டேங்கு திரும்பியது, சுவரில் முட்டியது, முட்டிக்கொண்டே நின்றது. விரலை அவனால் எடுக்க முடியவில்லை.

"பட்டனை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு பாப்பா."

பண்ணினேன். பொத்தான்கள் பாதித் திரையை மறைக்கும்வரை பண்ணினேன்.

"நீ ஆடு, நான் பாக்கறேன்" என்றான் பிறகு. சில ஞாயிறுகள் அப்படிப் போயின. அவன் வழி சொல்வான், நான் ஆடித் தோற்பேன். பேச்சு குழறத் தொடங்கிய ஒரு பகலில், ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னான்: "போதும். நிறுத்திரு. அதப் பாத்தா எனக்குக் கை இருக்கற நெனப்பு வந்துருது."

நிறுத்தினேன். அதன்பிறகு அவன் அதைக் கேட்கவில்லை. கார்த்திகை மழையில் மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

அந்த முன்னறை இப்போது வாடகைக்கு விட்ட செல்போன் ரீசார்ஜ் கடை. வாசற்படியில் நின்ற பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். எதிரில் வந்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது. அந்த டிவி கேமைப்பற்றி யார் பேச்செடுத்தாலும் அம்மா எழுந்து போய்விடுகிறாள். டேப்லெட் யாழினியிடம் இருக்கிறது, நர்சிங் பாடங்களை அதில்தான் பார்க்கிறாள்.

போன வாரம் போயிருந்தபோது அவளே சொன்னாள். "எடம் பத்தலைங்க அத்தை. அந்த கேமையெல்லாம் எடுத்துட்டேன்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "அப்பா ஆடுனது ஏதாவது சேவ் ஆயிருக்குதான்னு மொதல்ல தேடிப் பாத்தேனுங்க. ஒன்னுமே இல்ல."

"செரி கண்ணு" என்றேன்.