நீச்சல் டீச்சரின் பெயரில் ஒரு சூதாட்டக் கூடம்

நீச்சல் டீச்சர் ரகசியமாகச் சூதாட்டம் நடத்துகிறாராம் என்ற பேச்சு எனக்கு மூன்றாவது வாய் வழியாகத்தான் வந்தது. குளத்துக்கு வெளியே பெஞ்சில் ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்களில் ஒருவர் சொன்னார். அவருடைய நாத்தனார் கைப்பேசியில் வகுப்பைத் தேடித் தட்டினாராம். சுழலும் சக்கரமும் அரைகுறை உடையில் ஒரு பெண்ணும் வந்தார்களாம்.

"நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்குத் தன் பையன் வரமாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

டீச்சருக்குப் பெயர் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவர், இதே கட்டடத்தின் வரவேற்பு மேசையில் துண்டு மடித்துக் கொடுத்துக்கொண்டே பயிற்சியாளர் தேர்வு எழுதினார். பிறகு குளத்தின் ஓரத் தடத்தை வாடகைக்கு எடுத்து, தண்ணீரைக் கண்டாலே அலறும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டார். முதல் நாள் யாரையும் இறக்க மாட்டார். "முதல்ல என் கைய நம்பட்டும், தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். வகுப்புகளுக்குத் தவளை, ஆமை, வாத்து என்று பெயர். என் பிள்ளை ஆமை. பெற்றோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. மெத்தப் படித்த ஒரு மனிதரை நாங்கள் எல்லோரும் கூச்சமில்லாமல் 'தவளை அப்பா' என்றுதான் கூப்பிடுவோம்.

வகுப்புக்கு இணையதளம் வேண்டும் என்றபோது டீச்சர் வெளியாள் ஒருவரிடம் கொடுக்க நினைத்தார். வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார் கணவர். அவருடைய தம்பி கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் என்றால் குடும்பத்தில் அவர்தான். பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பளபளப்பான தளத்தை ஒரே வாரத்தில் செய்து கொடுத்துவிட்டு, இந்த வடிவமைப்பைக் கடையில் வாங்கினால் கண் பிதுங்கும், நான் சும்மாவே எடுத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டார். டீச்சர் ஒரே ஒரு முறை பாஸ்வேர்டு கேட்டார்.

"என்ன அண்ணி, என்னையே சந்தேகப்படறீங்களா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தக் குடும்பத்தில் அப்படிக் கேட்பது, விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது அவர் பையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். அறிவிப்பு எழுத மட்டும் ஒரு சின்ன நுழைவைக் கொழுந்தன் கொடுத்திருந்தார். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

வதந்தி காதுக்கு வந்ததும் டீச்சர் தன் கணினியில் தளத்தைத் திறந்து பார்த்தார். நீலத் தண்ணீர், சிரிக்கும் பிள்ளைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. யாரோ வயிற்றெரிச்சலில் கிளப்பிவிட்டது என்று முடிவுகட்டினார். அவருக்கு வலித்தது அம்மாக்களை நினைத்துத்தான். தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைகளின் அம்மாக்கள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நின்றுவிட்டார்களே என்று என்னிடம் புலம்பினார்.

தவளை அப்பாவுக்கு இணையதளங்களைப் பராமரிப்பதுதான் வேலை. வகுப்பு முடிந்து ஒதுங்கி நின்ற டீச்சரிடம், முகவரியைத் தட்டாமல் தேடுபொறியில் தேடி அதன் வழியாக உள்ளே போகச் சொன்னார். டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார். சக்கரம் சுழன்றது.

"இது உங்க கண்ணுல படக் கூடாதுன்னே செஞ்சது டீச்சர். நேரா வர்ற உங்களுக்கு நல்ல முகம், தேடி வர்றவங்களுக்கு இந்த முகம்."

டீச்சர் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

தளத்தை உடனே நிறுத்தி ஓர் அறிவிப்பு போட வேண்டும், முன்பின் தெரியாத கணக்குகளை நீக்க வேண்டும், கோப்புகளை மாற்றிவிட்டு எல்லாப் பாஸ்வேர்டையும் புதிதாக்க வேண்டும், பிறகு தேடுபொறிக்காரர்களை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார் தவளை அப்பா. டீச்சரின் சின்ன நுழைவை வைத்துக்கொண்டு இதில் ஒன்றும் நடக்காது. டீச்சர் கொழுந்தனைக் கூப்பிட்டார். சின்னக் கோளாறுதான் அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அன்றைக்கே சரியானது. வாரம் திரும்புவதற்குள் சக்கரம் மறுபடி சுழன்றது. இன்னொரு முறை துடைத்தார். இன்னொரு முறை வந்தது.

"குழாய மூடாம தரையத் தொடச்சுக்கிட்டே இருந்தா?" என்றார் தவளை அப்பா. வடிவமைப்பு எங்கே வாங்கியது என்று கேட்டார். சும்மா எடுத்தது என்று டீச்சர் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது திருட்டு நகல். திருட்டுப் பூட்டை மாட்டினா, அதக் கொடுத்தவன்கிட்டயும் ஒரு சாவி இருக்கும் டீச்சர்."

இதற்குள் விஷயம் குளத்து மேலாளர் வரை போய்விட்டது. குழந்தைகள் வரும் இடம், இந்த மாதத்துக்குள் தளம் சுத்தமாகாவிட்டால் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். டீச்சர் தளத்துக்கு இணையத்தில் இடம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தானே போன் செய்தார். மோட்டார் அறைக்குப் பக்கத்துக் குட்டி அலுவலகத்தில், கணவரும் தவளை அப்பாவும் நானும் இருக்கும்போது.

மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். "இதப் பத்தி உரிமையாளர்கிட்ட குளிர்காலத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றோமே."

"நான்தாங்க உரிமையாளர்."

"மன்னிக்கணும், பதிவு வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. அவர் சம்மதிச்சு மாத்திக் கொடுத்தாதான் உங்களுக்கு நாங்க எதுவும் செய்ய முடியும்."

மற்றபடி ஆதாரம் காட்டி மாற்றுவதற்கு மாதக்கணக்காகுமாம். டீச்சர் நன்றி சொல்லி வைத்தார். கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். தம்பி விவரம் தெரியாதவன், வேண்டுமென்றா செய்திருப்பான் என்றார்.

"வேணும்னு செய்யலங்க. நானும் அப்படிச் சொல்லல" என்றார் டீச்சர். குரல் உயரவேயில்லை. "குளிர்காலம் முழுக்க நம்ம வீட்டுலதான் சாப்பிட்டார். ஒவ்வொரு புள்ளையா நின்னுச்சு. ஏன் தம்பி இப்படி ஆகுதுன்னு அவர்கிட்டதான் கேட்டேன். போட்டி ஜாஸ்தியாயிடுச்சு அண்ணி, நீங்க சொல்லித்தர்றத மாத்தணும்னார். நானும் எங்கிட்டதான் குறைன்னு மாத்திப் பாத்தேன்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்புக்கு முன் டீச்சர் பெஞ்சுக்கு வந்தார். கேள்விப்பட்டது உண்மைதான், என் தளத்துக்குள் வேறு ஆள் புகுந்துவிட்டார்கள், நான் நடத்தவில்லை என்றார். பிறகு, கடை கண்ணி வைத்திருக்கிற அம்மாக்களிடம் தளத்தைச் சொந்தப் பெயரில் பதியச் சொன்னார். பாஸ்வேர்டுக்கு மேல் கைப்பேசிக்கு வரும் ஒரு எண்ணும் இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி செய்யுங்கள், அவ்வப்போது அந்நியர் மாதிரி தேடி உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். தளத்தின் நகலை வேறு இடத்தில் வையுங்கள் என்றார். யார் செய்து கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். "எங்க வீட்டு ஆள்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனார்.

இன்று மாதத்தின் கடைசி வாரம். கொழுந்தன் ஒரு சம்மதம் கொடுத்தால் போதும், மீதியை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தவளை அப்பா கணினியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். நேற்றிலிருந்து கொழுந்தன் போனை எடுக்கவில்லை. கடையில் கேட்டால் இருக்கிறார், வேலையாக இருக்கிறார் என்கிறார்கள். கணவர் தன் போனிலிருந்து முயன்றார், அதையும் எடுக்கவில்லை.

"என் போன்லேர்ந்தே போடறேன்" என்றார் டீச்சர். "திட்ட மாட்டேன். மாத்திக் கொடுங்க தம்பின்னு மட்டும் கேக்கறேன்."

ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தார். மணி அடிக்கிறது. கணவர் கையை நீட்டித் துண்டிக்கப் போனார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளி வைத்தார். இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.