ரூபினி யோசிக்கிறா

நவமணி டீச்சருக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாளுக்கு அதைப் பற்றியா கவலை? அவருடைய முதலாம் ஆண்டு வகுப்பில் ரூபினி என்றொரு பிள்ளை. கேட்ட கேள்விக்கு உடனே வாய் திறக்காது. அவசரப்படுத்தினால் அன்றைக்கு முழுக்க மௌன விரதம்தான். இப்போதுதான், காத்திருந்தால் ஒன்றிரண்டு சொல்லை மெல்ல வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். டீச்சர் மாறினால் மறுபடியும் வாயைப் பூட்டிக்கொள்வாளே என்றுதான் நவமணிக்கு வயிற்றைப் பிசைந்தது. கல்லும் சேர்ந்துதான் பிசைந்திருக்கும், அது வேறு விஷயம்.

அதனால், தனக்குப் பதிலாக வரப்போகும் அனுஜா டீச்சருக்குப் பாடங்களைக் காணொளியாகவே எடுத்துக் கொடுத்துவிடுவது என்று கிளம்பிவிட்டார். ஜெலுத்தோங்கிலிருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டில் மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்துவைத்தார்கள். படம்பிடிப்பவர், அக்கரையிலுள்ள ஜுரு தொழிற்சாலையில் வேலை முடித்துப் பாலம் தாண்டி வந்த கணவர் தயாளன்.

முதல் காணொளி பாடமே இல்லை. அனுஜா யாழ்ப்பாணத்து வம்சம். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார். பள்ளியைப் பார்க்க வந்த அன்று அவர் “ஓம், ஓம்” என்றதும் மொத்த வகுப்பும் எழுந்து, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டது!

“பிள்ளைங்களா, அனுஜா டீச்சர் ஓம்னு சொன்னா ஆமான்னு அர்த்தம். சாமி கும்பிடக் கூடாது, சரியா?” என்றார் நவமணி கண்டிப்பாக. தயாளன் சிரித்த சிரிப்பில் டின் உருண்டது.

அடுத்தது வாசிப்பு. ‘வாழைப்பழம்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டி, “ரூபினி, இதை வாசிம்மா” என்றவர் அப்படியே நின்றார். புன்னகையோடு நின்றுகொண்டே இருந்தார்.

“என்ன மணி, வசனம் மறந்துபோச்சா?”

“ஐயோ, கெடுத்தீங்களே! ரூபினி யோசிக்கிறா. நான் நிக்க வேணாமா?”

“அவ இங்க இல்லையே லா!” என்று ஊர் வழக்கில் இழுத்தார் தயாளன்.

“அங்க இருப்பாள்ல!”

பிள்ளைகள் விஷயத்தில் மனைவி பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது தயாளனுக்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அனுஜாவிடமிருந்து வாட்சாப்பில் ஒரு காணொளி வந்தது. நவமணி உடனே திறந்து பார்த்தார். வகுப்பறைத் தொலைக்காட்சியில் அவரே அட்டையோடு நிற்கிறார். ரூபினி எழுந்து நிற்கிறாள். உதடு அசைகிறது, சத்தமில்லை. ஒருவழியாக “வாழை...” என்றாள். அதற்குள் திரையிலிருந்த நவமணி, “கெட்டிக்காரி! அடுத்து ஹரீஷ்” என்று அட்டையை மாற்றிவிட்டார்.

அடப் பாவமே, நானே அவசரப்பட்டுட்டேனே என்று டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஆனால் ரூபினி உட்காரவில்லை. திரையைப் பார்த்து விரலை நீட்டி, வகுப்பே அதிரக் கத்தினாள்.

“டீச்சர், இருங்க லா! நான் இன்னும் முடிக்கல! வாழைப்பழம்!”

“சிரிக்காதீங்கம்மா, தையல் பிரிஞ்சிடும்” என்று தாதி ஓடிவந்தார். யார் கேட்டது?