தறிச் சத்தத்துக்கு ஒரு விழா

எங்கள் மில்லை மூடிப் பல வருஷமாகிறது. போன மாதம் திடீரென்று அதற்கு விழா எடுத்தார்கள். வாசலில் பெரிய பேனர்: உலகமே போற்றும் தொழிற்பாரம்பரியச் சின்னமாம். நாங்கள் வேலை செய்த காலத்தில், தண்ணீர் குடிக்கப் போனாலே முறைத்த இடம் அது.

என் காது போனதும் அங்கேதான். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால்தான் பேசுவோம். மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். மணிக்கட்டு இரண்டையும் குறுக்கே வைத்தால், தறியை நிறுத்து, வெளியே வா. எத்தனை ஸ்டிரைக்கை அப்படித் தொடங்கியிருக்கிறோம்! இப்போது காதோரம் கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

விழா நடத்திய பெண்மணி முத்தியால்பேட்டையில் என் வீடு தேடி வந்தார். மேடையில் உட்கார ஒரு பழைய தொழிலாளி வேண்டுமாம். மைக்கில் பேசவிட்டால் வருகிறேன் என்றேன். அந்தச் சத்தம் எங்கள் காதைத் தின்ற கதையை இந்த ஊர் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மேடையில் சால்வை போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெரிய மனிதர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னோடு வந்திருந்த மனைவி காதோரம் கத்தினாள்.

"தறி சத்தத்த வீணையோட சேத்து போடுறாங்க. பாட்டாம்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர்கள் செவிடனை மேடையேற்றி, சால்வை போர்த்தி ஊதினார்கள். எழுந்து மைக்கை நோக்கிப் போனேன். அந்தப் பெண்மணி குறுக்கே வந்து நின்றார். உதட்டைப் பார்த்தேன்.

"டைம் ஆயிடுச்சுங்கய்யா. பேச வேணாம். சும்மா கைய மட்டும் காட்டுங்க, போதும்."

காட்டினேன்.

பந்தலுக்கு வெளியே, வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் என்னைப் போலச் செவிடு. அவர்களைப் பார்த்து மணிக்கட்டு இரண்டையும் குறுக்கே வைத்தேன். முதலில் ஒருவன் எழுந்தான். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார்கள். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, மனைவியோடு நானும் இறங்கினேன்.

கேட்டருகே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முன்வரிசைக்காரர்கள் இன்னும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.